பரணில் ஏற்ற மறந்த பொருள்

சிதம்பரம்,
6.9.2009

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் திரு. பொன்னுரங்கம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் அக்காள் புருஷன் திருநாவுக்கரசு தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் சின்ன மகள் சுவேதாவும் பேத்தி பூஜாவும் உடம்பளவில் சௌக்கியம். அவ்விடம் நீங்களும் தங்கச்சி அமிர்தமும், தற்சமயம் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் சம்சாரம் தனமும் சுகமாக இருக்க தில்லைக் காளியை வேண்டிக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து உன்னை வாடா போடா என்று கூப்பிட்டவன் இன்றைக்கு ‘நீங்கள்’ போடுவதைப் பார்த்தே என் நிலைமை தெரிந்திருக்கும். ஆனால் இந்த ‘நீங்கள்’ இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. பழையபடி ‘நீ’ என்றே எழுதுகிறேன், அதையும் சேர்த்து மன்னித்துவிடு.

புதன்கிழமை என் வீட்டில் உனக்கு நடந்த அவமானத்துக்கு மூலகாரணம் மாண்டிசோரி. பெரியவள் எழிலரசியும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலைக்குப் போவதால் பூஜாவை எங்களிடம் விட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியும். சுவேதா புதுச்சேரியில் சின்னப் பிள்ளைகளுக்கான மாண்டிசோரி டீச்சர் டிரெயினிங் முடித்து வந்தாளா, வந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். “அப்பா, புள்ளைக்கி அமைதியா ஒரு எடம் வேணும். கைக்கு எட்டற ஒசரத்துல கொஞ்சமா சாமான் இருக்கணும். ஒவ்வொண்ணும் தனித்தனி தட்டுல. சத்தம் போடற பொருள் ஒண்ணும் இருக்கக் கூடாது” என்றாள். சாவி கொடுத்தால் தப்பு அடிக்கும் குரங்கு, விசில் ஊதும் ரயில், ஹலோ சொல்லும் பிளாஸ்டிக் போன் எல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏறின. டிவியும் ஏறியது. டிவி வைத்திருந்த குட்டை ஸ்டாண்டுதான் பிள்ளையின் அலமாரி. தனத்துக்கு சாயங்கால சீரியல் போயிற்று, ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்குத்தான் என்ன சொல்லியிருக்கிறாள்?

தட்டு வேண்டுமென்றதும், எழிலரசி கல்யாணத்துக்கு வாங்கிய வரிசைத் தட்டுகளைத் துலக்கிக் கொடுத்தவன் நான்தான். பிளாஸ்டிக் ஆகாதாம், நிஜச் சாமான்தான் பிள்ளையின் கைக்குப் பழகுமாம். அதனால் ஒரு தட்டில் மஞ்சள் கிழங்கையும் கொட்டைப் பாக்கையும் கலந்து வைத்தோம், பிள்ளை பிரித்து அடுக்க வேண்டும். இன்னொன்றில் சிவப்பும் பச்சையுமாக ரவிக்கைத் துணி, மடித்துப் பழக. ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பழக இரண்டு வெள்ளி டம்ளர். ஒன்றில் கிண்ணத்தில் செருகி வைக்கப் பூ. தரையில் கோரைப்பாய். இதைச் சன்னல் வழியாகப் பார்க்கிறவன் என்ன நினைப்பான் மச்சான்? நான் நினைத்துப் பார்க்கவில்லை. பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன், டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெருமை அடித்தவன், என் வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தம் மாதிரி தட்டு வரிசை இருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை. அதுவும் கல்யாண வயசுப் பெண் இருக்கிற வீட்டில், வளர்பிறை முகூர்த்த நாளில்.

பக்கத்து வீட்டு தைலம்மாள் சன்னலில் எட்டிப் பார்த்து, “என்னா விசேஷம், தட்டெல்லாம் ஜோரா இருக்கே” என்று கேட்டது. பிள்ளை அப்போது பாக்கை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை கவனமாக இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது சுவேதாவின் சட்டம். ஆகவே நான் வாயில் விரலை வைத்து, பேசாதே என்று சைகை செய்தேன். வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தடவை சத்தம் போடாமல் பதில் சொன்னேன், அது இப்படி வந்து முடிந்தது. ரகசியமாக நிச்சயம் நடக்கிறது என்று தைலம்மாள் முடிவு கட்டி, கடலூர் முதுநகரில் கட்டிக் கொடுத்திருக்கும் மகளுக்குப் போன் போட, அந்தப் பெண் உன் கடையில் உளுந்து வாங்க வந்த இடத்தில் அமிர்தத்திடம், “ஒங்க மருமவளுக்கு நிச்சயமாமே, நீங்க போவலயா?” என்று கேட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நான் உன் நிலையில் இருந்திருந்தால் கடலூரிலிருந்தே கத்தியிருப்பேன், அது சிதம்பரம் வரை கேட்டிருக்கும். நீ கடையைச் சாத்திவிட்டு, அமிர்தத்தையும் கூட்டிக்கொண்டு, பட்டுப் புடவையும் வெற்றிலை பாக்கும் தேங்காயும் ஒரு வாழைத்தாரும் எடுத்துக்கொண்டு, லோடு அடிக்கிற குட்டியானை வேனில் வந்து இறங்கினாய். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. “கூப்புடலன்னாலும் தாய்மாமன் வராம இருப்பானா மாமா” என்றாய். கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். சுவேதா ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும், கோபிக்காமல் சிரித்தாயே, “அட, புள்ள வெளயாடற தட்டா! நல்ல வேளை, சீர் கெடக்கட்டும், நெசமாவே நடக்கும்போது ஆவும்” என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தாயே. அத்தோடு முடிந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதையாகியிருக்கும்.

பூஜா அலமாரியிலிருந்து அந்தக் கடைசித் தட்டை எடுத்து வந்ததே, அதைப் பற்றித்தான் இத்தனை நாளும் எழுதக் கை வரவில்லை. ஒரு துண்டை எடுத்து என்னை மாதிரியே தலையில் கட்டிக்கொண்டு, தட்டைப் பாயில் வைத்து, உனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, துவரம்பருப்பையும் கல்லையும் பிரிக்க ஆரம்பித்தது. “மாமா கடப் பருப்பு. இது கல்லு. இது பருப்பு. இது கல்லு.” பிறகு என் குரலிலேயே, “தனம்! ஒந் தம்பி கல்ல வித்தே மாடி வீடு கட்டிட்டாண்டீ! காப்பியாடி இது, கழுநீரு! ஒங்க ஊட்டுல இதத்தான் கத்துக்குடுத்தாங்களா?” என்று தட்டில் ஓங்கி ஒரு அறை. டிவி இல்லை, குரங்கு இல்லை, விசில் இல்லை. பிள்ளைக்கென்று நாங்கள் பாடுபட்டு உண்டாக்கிய அமைதியில் ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் உன் காதில் விழுந்தது.

மச்சான், காளி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கல் உன் கடைக் கல் இல்லை. தெருவில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த ஜல்லியிலிருந்து நானே பொறுக்கிப் போட்டது. பிரிப்பதற்கு இரண்டு தினுசு வேண்டுமென்று சுவேதா கேட்டாள், நான் வேடிக்கையாக அதற்கு ‘மாமா கடைப் பருப்பு’ என்று பேர் வைத்தேன். உன் பருப்பில் கல் இருந்ததே இல்லை. பிறகு ஏன் சொன்னேன் என்றா கேட்கிறாய்? நான் கொடுத்ததைவிட நல்ல சாமானாக நீ உன் அக்காவுக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை என்பதுதான் நிஜம். எழுதவே கூசுகிறது.

நான் பிள்ளையை அதட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் தனம் பேசினாள். “அத ஏன் அதட்டறீங்க? புள்ள புதுசா ஒண்ணும் சொல்லல. தெனம் நடக்கறதத்தான் சொல்லுது.” அவ்வளவுதான். மாற்றுப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு குட்டியானையில் அமிர்தத்தோடு முன்னால் ஏறிவிட்டாள். நீ பின்னால் நின்றுகொண்டு போனாய். சீரைத் திருப்பி எடுத்துக்கொள் என்று நான் உளறியதற்கு, “அது எம் மருமவளுக்குக் கொண்டாந்தது” என்று மட்டும் சொன்னாய். அந்தப் பட்டுப் புடவை இப்போது பிள்ளையின் அலமாரியில் தனித் தட்டில் இருக்கிறது. வண்டி போன பிறகு சுவேதா என்னைப் பார்த்து, “சத்தம் போடற பொருள் எல்லாத்தையும் பரண்ல ஏத்தினேன். ஒண்ண மட்டும் மறந்துட்டம்பா” என்றாள்.

அன்றிலிருந்து நான் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறேன். காப்பியை நானே போட்டு நானே குடிக்கிறேன், அது கழுநீரைவிட மோசம். வீடு சுவேதா ஆசைப்பட்ட மாதிரியே அமைதியாக இருக்கிறது, என்னால்தான் அதில் இருக்க முடியவில்லை. நேற்றுப் பூஜா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ரவிக்கைத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. வெகு நேரம் ஒரு பேச்சில்லை. “என்னா வெளயாட்டும்மா?” என்று கேட்டேன். “ஆயா வெளயாட்டு” என்றது, தனத்தைத்தான் சொல்கிறது. “ஆயா பேசாதா?” என்றேன். “ஆயா பேசாது. தாத்தாதான் பேசும்” என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

மச்சான், நான் மாறிவிட்டேன். நாலு நாளாக என் குரல் வாசலைத் தாண்டவில்லை, தைலம்மாளே வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனது. இந்தக் கடிதத்தைக்கூட, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் என் பழக்கப்படி எழுதினாலும், முணுமுணுவென்றுதான் சொல்லிக்கொள்கிறேன். என்னை நம்பித் தனத்தை அனுப்பி வை. நீயே கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் சந்தோஷம், வாசலிலேயே உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். தங்கச்சி அமிர்தத்துக்கு என் ஆசீர்வாதம். உன் கடையும் குடும்பமும் காளி புண்ணியத்தில் மேலும் மேலும் விருத்தியாகட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்
திருநாவுக்கரசு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவன் மறுபடி பிரித்து எழுதுகிறேன். கூடத்தில் பூஜா பாயை விரித்து, ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எதிரில் பொம்மையை உட்கார வைத்திருக்கிறது. தலையில் துண்டு. “நான் மாறிட்டேன்னு மாமாவுக்கு லெட்டர் எழுதிக்கினு இருக்கேன். குறுக்க வராத, கழுத! அறைஞ்சா பல்லு எகிறிடும்! போ அந்தாண்ட!” என்று பொம்மையைத் தள்ளிவிட்டது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பிள்ளை என்ன எழுதுகிறாய் என்று கேட்டு முழங்காலைப் பிடித்தது நினைவிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது இதைக் கேட்டபிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே மாறிவிட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. தனத்தை அனுப்பி வை என்றதையும் அடித்துவிடு, அதைக் கேட்க எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை. வருவதும் வராததும் அவள் இஷ்டம். பருப்பைப் பற்றி எழுதியது மட்டும் நிஜம், அது இருக்கட்டும். இந்தக் கடிதத்தை ஒன்றையும் விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டு. நீயாவது மெதுவாகப் படி.