ஆறு மூடியும் ஒரு வேட்டியும்

எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. (வியாதிதான். இதற்கு மாத்திரை கொடுத்தால் அதையும் எண்ணுவேன்.)

குரங்கணியில் என் மகனுக்குப் பெண் பார்த்து, தட்டு மாற்றக் கிளம்பிய காலை. திரும்பி வருவதற்குள் போடியில் எங்கள் வீட்டில் கரண்டு போய்விட்டால்? இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற உட்கார்ந்தேன். உள்ளே இருப்பது கந்தக அமிலம். வேதியியல் பட்டதாரிக்கு எச்சரிக்கை வேண்டுமா? மழைக்கோட்டு, ரப்பர் கையுறை, ஸ்கூட்டர் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டேன்.

"தண்ணி ஊத்தப் போறீங்களா, ராக்கெட்டு விடப் போறீங்களா?" என்றாள் மனைவி. "வெரசா வாங்க, ஜீப்பு வந்துருச்சு."

வேலை சுத்தமாக முடிந்தது. கவசங்களைக் கழற்றி, குளித்து, புது வேட்டி கட்டி வாசல்வரை வந்தவனுக்குச் சந்தேகம். ஆறு மூடியையும் இறுக்கினேனா? திரும்பி ஓடி, பேட்டரிமேல் குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஆறு. விரலில் ஒட்டிய ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

வழியில் இடுப்பு அரித்தது. எறும்பு என்று நினைத்தேன்.

பெண் வீட்டில், தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்கியபடி எழுந்தேன். டர்ர்ர்!

தட்டைப் பிடிப்பதா, வேட்டியைப் பிடிப்பதா? தட்டு விழுந்தால் அபசகுனம், சம்பந்தமே முறிந்துபோகும். தட்டைப் பிடித்தேன். வேட்டி தன் வழியே போயிற்று. இரண்டு வீட்டுச் சனமும் என் கோடு போட்ட அண்டர்வேரைப் பார்த்தது.

"சம்பந்தி, தட்ட விட்றாதீங்க!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா. "வேட்டிய நாங்க பாத்துக்கிறோம்!"

அதற்குள் கல்யாணப் பெண்ணே எழுந்து வந்து கிழிசலைப் பார்த்தாள்.

"பேட்டரி ஆசிட்டு பட்ட மாதிரியில்ல இருக்கு. மாமா, எரியுதா?"

"எறும்பும்மா..."

"எறும்பு வேட்டியத் திங்குமா? அசையாம நில்லுங்க!"

ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு ஊற்றினாள். பிறகு இன்னொரு குடம். வெற்றிலை நனைந்தது, தட்டு விழவில்லை. தோல் சிவந்ததோடு நான் தப்பித்தேன், கல்யாணமும் தப்பித்தது. (வேட்டியில் பதினேழு ஓட்டை. எண்ணினேன்.)

இப்போது பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது மருமகள்தான். "வாசப்படியிலயே நின்னு எண்ணிக்கோங்க மாமா" என்கிறாள். அங்கிருந்து பார்த்தால் ஐந்து மூடிதான் தெரிகிறது. ஆறாவது இறுகியிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தால் போதும், வீடே என் வேட்டியைப் பார்க்கிறது.