முப்பத்தொரு குறைகளும் ஒரு முன்சீட்டும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரே ஒரு சொல் பொய்யென்றாலும், இந்தக் கதையில் வருகிற கார் ஷோரூமின் லிஃப்ட், நான் உள்ளே நிற்கும்போதே இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, என் ஆயுசு முடியும்வரை நகராமல் இருக்கட்டும். இந்த வயதில் இதைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் கைவசம் இல்லை.

"சார், உங்க வீட்டம்மா எங்க டெமோ கார்ல தூங்கிட்டாங்க. எழுப்பட்டுங்களா?"

ஷோரூம் வாட்ச்மேன் வந்து இப்படிக் கேட்டபோது இன்ஸ்பெக்டர் மேனேஜரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, குறைகளை நம்பர் போட்டு எழுதி, அடியில் 'பதினைந்து நாளுக்குள் சரிசெய்யவும்' என்று கையெழுத்துப் போடுவது உத்தியோகம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் எழுதிய குறையைச் சரிசெய்யாமல் விட்டவர் ஒருவரும் கிடையாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

"எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஓடினார்.

கண்ணாடியெல்லாம் ஏற்றிய அந்த நீளமான காரின் முன்சீட்டில், அவர் மனைவி வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போகிற வழியில், 'ஒரே நிமிஷ வேலை' என்று அவளை இங்கே கூட்டிவந்திருந்தார். உட்கார நாற்காலி இல்லாததால் அவள் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இவர் வெளியே நின்று லிஃப்டின் இருபத்திரண்டு குறைகளை மேனேஜருக்கு விளக்கிய ஒரு மணி பத்து நிமிஷமும் அசையாமல் தூங்கியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சரியாகத் தூங்கி ஐந்து வருஷம் ஆகிறது. மாத்திரை, மூலிகைத் தைலம் எதற்கும் மசியவில்லை. மெத்தையில்தான் கோளாறு என்று இவர் மூன்று மெத்தை மாற்றினார். தினமும் படுத்ததும், அவளுக்குத் தூக்கம் வரட்டுமே என்று அன்றைக்குப் பார்த்த லிஃப்ட் குறைகளை மெதுவான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லியும் பார்த்தார். எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள்? அப்படியும் அவள் விட்டத்தைப் பார்த்தபடியே கிடப்பாள்.

அவள் கண் விழித்ததும் முதல் கேள்வி கேட்டார். "சீட்டு எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. டாக்டர்கிட்ட நேரமாச்சே, போலாமா?"

இன்ஸ்பெக்டர் சீட்டை அழுத்திப் பார்த்தார். நடுவில் அழகாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"ரெண்டு வருஷமா ஓட்டிப்பாக்க வர்றவங்க எல்லாரோட வீட்டம்மாவும் உக்காந்து உக்காந்து பதமாகின சீட்டு சார்" என்றார் வாட்ச்மேன். "புதுக் கார்ல இது வராது."

டாக்டர் வேண்டாம், கார்தான் வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. புது மாடல் வரப்போவதால், மாதக் கடைசியில் டெமோ காரை மூன்று வருஷ லீஸுக்கு விடப்போகிறார்கள் என்று மேனேஜரிடம் விசாரித்தும் வைத்துக்கொண்டார்.

"நமக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய கார்?" என்றாள் மனைவி. "உங்களுக்கு ஆபீஸ் ஜீப் இருக்கு. நான் போறதே கடைக்கும் டாக்டருக்கும்தான்."

"ஓட்டறதுக்கு இல்ல. நீ தூங்கறதுக்கு."

"அதுக்கு..." என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். இன்ஸ்பெக்டர் அதற்குள் டயரில் இருந்த குறையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பேரம் பேச அவருக்குத் தெரியாது. மச்சினனைக் கூப்பிட்டார். பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்கிறவன். எதை வாங்கினாலும் கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வராமல் விடமாட்டான்.

"ஆசையை முகத்துல காட்டிடாதீங்க அத்தான்" என்றான் அவன். "அந்த சீட்டு இருக்கற பக்கம்கூடத் திரும்பாதீங்க. மத்ததுல குறை சொல்லுங்க. குறை சொல்லச் சொல்ல வாடகை தானா இறங்கும்."

"குறையா?" என்றார் இன்ஸ்பெக்டர். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காருக்கு அடியில் படுத்தவர் பதினொன்றரைக்கு எழுந்தார். பதினெட்டுக் குறைகள். கதவில் கீறல், முன்பக்க விளக்கில் மங்கல், மிதியடியில் காபிக் கறை. சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் கை பழகிய பழக்கம், ஆபீஸ் படிவத்திலேயே எழுதி, 'பதினைந்து நாளுக்குள் சரிசெய்யவும்' என்று கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்துவிட்டார்.

மேனேஜருக்கு வியர்த்தது. அவருடைய லிஃப்டின் சான்றிதழ் இன்னும் இன்ஸ்பெக்டர் பையில்தான் இருந்தது.

ஆறே நாளில் பதினெட்டையும் சரிசெய்துவிட்டார்கள்.

"கையால தடவிப் பாருங்க சார்" என்றார் மேனேஜர். "ஒரு கீறல் இல்ல. நாலு டயரும் புதுசு. இப்போ இதை டெமோ கார்னு யாருமே சொல்ல முடியாது. அதனால வாடகை கொஞ்சம் ஏறுது."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சரிபண்ணக்கூடிய குறையா சொன்னா சரிபண்ணத்தான் செய்வாங்க. அவங்களால ஒண்ணுமே பண்ண முடியாத குறையா சொல்லுங்க அத்தான்."

இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் யோசித்தார். அடுத்த பட்டியலில் பதின்மூன்று குறைகள். கார் தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது. நிறம் மனதுக்கு ஒட்டவில்லை. ஹாரன் சத்தத்தில் பணக்காரத் திமிர் தெரிகிறது. இப்படி. அடியில் மறுபடியும் பதினைந்து நாள், கையெழுத்து, சீல்.

பட்டியல் போன வேகத்திலேயே மேனேஜரிடமிருந்து பதில் வந்தது.

"பெயின்ட் மாத்தியாச்சு சார், இளநீலம். ஹாரன் மாத்தியாச்சு, இப்போ ரொம்ப அடக்கமா கூப்பிடுது. நீளத்தை மட்டும் குறைக்க முடியல. அதான் ஆளனுப்பி உங்க வீட்டு கேட்டை அளந்துட்டு வந்தோம். ரெண்டடி தள்ளி வெச்சா போதுமாம். நாளைக்கு இடிக்கறாங்க. அந்தச் செலவையும் வாடகையிலயே சேத்துட்டோம், உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு."

வாடகை இப்போது புதுக் காரின் வாடகையைத் தாண்டிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் அந்த ஜாதி இல்லை. முந்தின நாள் இரவு முழுக்க மனைவி புரண்டு புரண்டு படுத்ததை அவர் எண்ணியிருந்தார். நாற்பத்தேழு தடவை.

"கடைசி அஸ்திரம் ஒண்ணு இருக்கு" என்றான் மச்சினன். "பேசிட்டே இருங்க, திடீர்னு எழுந்து நடங்க. திரும்பிப் பாக்கவே கூடாது. வாசல் தாண்டறதுக்குள்ள கூப்பிடுவாங்க."

இன்ஸ்பெக்டர் அப்படியே செய்தார். எழுந்தார், நடந்தார். வாசல் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. தெரு வந்தது. கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாதென்று சொல்லியிருப்பதால் பஸ் ஸ்டாப் வரை போய் நின்றார். பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறாமல் நின்றால் ஆசை வெளியே தெரிந்துவிடுமே என்று ஏறிக்கொண்டார். எந்த ஊர் பஸ் என்று பார்க்கவில்லை. பதினோரு ஸ்டாப் தாண்டித்தான் இறங்கினார்.

இங்கே ஷோரூமில் மேனேஜர் ஆடிப்போய்விட்டார்.

"என்னய்யா குறை வெச்சோம்? ஏன் கோவிச்சுட்டுப் போறாரு?" என்று இரண்டு பட்டியலையும் மேஜையில் விரித்து வைத்துப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் மெல்ல நிமிர்ந்தார். "முப்பத்தோரு குறை எழுதின மனுஷன், குழி விழுந்த முன்சீட்டைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. பெரிய மனுஷன், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டிருக்காரு. நமக்குத்தான் புத்தி இல்ல."

மறுநாள் இன்ஸ்பெக்டருக்கு போன் வந்தது. "சார், கோவிச்சுக்காம வாங்க. நீங்க சொல்லாமலே உங்க மனசுல இருக்கறதைப் புரிஞ்சு செஞ்சுட்டோம்."

"பாத்தீங்களா" என்றான் மச்சினன். "வாடகையைக் குறைச்சுட்டாங்க. உடனே போய்க் கையெழுத்துப் போட்டுடுங்க. யோசிக்க விட்டா மனசு மாறிடுவாங்க."

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். எல்லா லிஃப்டையும் தலைகீழாகத் தொங்கிப் பார்க்கிற மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் பார்க்காமல் ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம். இடையில் திருப்பித் தர முடியாது. அதே கையோடு லிஃப்ட் சான்றிதழையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கார்க் கதவைத் திறந்தார்.

பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம்புது முன்சீட் அவரைப் பார்த்துப் பளபளத்தது.

"எங்கே?" என்றார்.

"அந்தக் குழி சீட்டா சார்? எப்பவோ கழட்டி எறிஞ்சாச்சு" என்றார் மேனேஜர் பெருமையாக. "வாட்ச்மேன் கூண்டுல கிடக்கும்."

"நீ உள்ள ஏறி உக்காரு. ஒரே நிமிஷம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கூண்டுக்கு நடந்தார்.

அங்கே வாட்ச்மேன் அந்த சீட்டில் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தார்.

"ஓரத்துல கிழிஞ்சிருக்கே" என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார்.

"ஆமா சார்."

"பஞ்சு வெளிய வருது."

"வருது சார்."

"நடுவுல பெரிய பள்ளம்."

"அதானே சார் சுகம்."

முப்பத்தொரு குறைக்குக் காரையே மாற்றிவிட்டார்கள். இந்த மனிதரிடம் ஒரு குறையும் செல்லுபடியாகவில்லை. எது சொன்னாலும் ஒத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் விடுவதாக இல்லை. வெயிலில் நின்றபடி, கையை ஆட்டி, விரல் விட்டு எண்ணி, தன் மனைவியின் ஐந்து வருஷக் கதை முழுவதையும் சொன்னார்.

கேட்டு முடித்துவிட்டு வாட்ச்மேன் நிதானமாகச் சொன்னார். "உங்க வீட்ல மூணு மெத்தை வேஸ்ட்டா கிடக்குன்னு இப்போ சொன்னீங்களே. அதையும் ஹால்ல இருக்கற சோபாவையும் குடுத்துடுங்க சார். பாவம், தூங்காத பொம்பளை."

வீட்டில் அதற்கப்புறம் படுக்க எதுவும் மிஞ்சாது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். சீட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஜெயித்த கையோடு காருக்கு வந்தார்.

கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுச் சீட்டில், மனைவி வாயை லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கூண்டுக்குப் போய் ஒரு மணி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தார்.

அவள் விழித்து, தோளில் சீட்டோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"இதுலயும் எப்படித் தூக்கம் வந்துச்சு?" என்றார் அவர். "பழைய சீட்டு இதோ என்கிட்டதானே இருக்கு?"

"சீட்டு எதுவா இருந்தா என்னங்க" என்றாள் அவள், கொட்டாவி விட்டபடி. "நானும் ஐஞ்சு வருஷமா சொல்ல வரேன், நீங்க எங்க விட்டீங்க? இந்தக் கார்ல கண்ணாடியை ஏத்திட்டா, வெளிய நின்னு நீங்க பேசறது உள்ள கேக்கவே மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் சீட்டை மெல்லத் தரையில் இறக்கி வைத்து, அதிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து படிவத்தை எடுத்தார். 'குறை எண் 1' என்று எழுதி, கொஞ்சநேரம் யோசித்து, எதிரில் தன்னுடைய பெயரை எழுதினார். அடியில் 'பதினைந்து நாளுக்குள் சரிசெய்யவும்' என்று கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஒரு வார்த்தையும் பேசாமல் மனைவியிடம் நீட்டினார்.

அவள் அதைப் படித்துப் பார்த்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் கண்ணாடியை ஏற்றினாள்.

நடந்தது இவ்வளவுதான். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாடி ஏற வேண்டிய சிரமமும் இல்லை. அந்த ஷோரூம் ஒரே தளம்தான்; அதில் லிஃப்ட் கிடையாது.