நீர்நாய் மேல் நான் கொடுத்த மனு

தம்லிலிட் ஏரிக்கரை
வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பின்

மதிப்பிற்குரிய மச்சான் பாஸ்ஸு அவர்களுக்கு,

தங்கள் தங்கை இட்டோவின் கணவனும், கெனிஃப்ரா வழித்தடத்தில் முப்பத்தோரு வருடம் ஒரு ஆட்டின் மேல்கூட ஏற்றாமல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுமாகிய ஹம்மு எழுதிக்கொள்வது. உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஆண்டவன் அமைதியும் நல்ல பசியும் அருளட்டும். உங்கள் முழங்கால், உங்கள் ஆலிவ் மரங்கள், உங்கள் கோவேறு கழுதை எல்லாம் சுகம்தானே? இங்கே என் உடம்பு சுகம். மற்றதெல்லாம் கீழே.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன் ஏரிக்குள் கிடக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதும் இதில் வரும். இட்டோ போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் மெக்னெஸ் நகருக்குப் புறப்பட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஏரியிலிருந்து திரும்பியபோது ரொட்டி துணி போட்டு மூடியிருந்தது, அவள் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன், "அண்ணன் வீட்டுக்குப் போறேன்னா, பெரிய பை வச்சிருந்தா" என்றார்கள். பத்து நாள் ஆகிறது. அவள் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கருத்துகள் உண்டு. தூண்டிலைப் போட்டுவிட்டு மிதவையையே பார்த்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் கருத்து வராமல் வேறு என்ன வரும்? சோளத்தை நாசமாக்கும் காட்டுப்பன்றிக்குப் பட்டாளத்தை அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள் தேவதாரு மரத்தடியில் குரங்குகளுக்கு ரொட்டி போட்டுப் போட்டு, இப்போது குரங்கே கார்க் கதவைத் திறந்து ரொட்டி எங்கே என்று கேட்கிறது, அவர்களுக்குத் தடை போட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து விட்ட அந்த வாத்துமூக்கு மீன் இருக்கிறதே, வாய் நிறையப் பல், அதைப் பற்றி மட்டும் என்னிடம் மூன்று கருத்துகள் உண்டு. இவற்றையெல்லாம் முடிதிருத்தும் மிம்மூனின் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டு வருடமாக ஏரியில் ட்ரவுட் மீன் குறைந்தபோதுதான் வினை வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றுக்கு மேல் மாட்டாமல் நாங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். அப்போது யாரோ, "தெக்குப் பக்கப் பாறையில ஒரு நீர்நாய் திரியுதாம்" என்றார்கள். அவ்வளவுதான். அன்று மாலையே மனு எழுதினேன். பத்தொன்பது பேர் கையெழுத்து. நல்ல வாசகம் மச்சான், நானே யோசித்தது: "இவ்வேரியின் ட்ரவுட் மீன்களை எந்தப் பிராணி அதிகமாகத் தின்று தீர்க்கிறதோ, அந்தப் பிராணியைத் தயவு தாட்சண்யமின்றி உடனே ஏரியை விட்டு அகற்றும்படி வேண்டுகிறோம்." படித்துக் காட்டியதும் மிம்மூன் கண் கலங்கினான். என் அனுபவம் தெரியட்டுமே என்று இந்த நாற்பது வருடத்தில் எந்தெந்த நாள் எத்தனை ட்ரவுட் பிடித்தேன் என்ற பட்டியலையும் இணைத்தேன்.

மனு போன வனத்துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. முப்பது வயதிருக்கும், இல்ஹாம் என்று ஒரு பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நான் நீர்நாயின் குற்றங்களை அரைமணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாத்தீங்களா, சாச்சா?"

"எதை?"

"அது ட்ரவுட் திங்கிறதை."

"நாற்பது வருஷமா இந்த ஏரியில உட்கார்ந்திருக்கேன்மா."

"அதில்ல. பாத்தீங்களா?"

மச்சான், பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் மாதிரி நின்றேன். பார்க்கவில்லை. அதன் வாலைக்கூடப் பார்த்ததில்லை. அவள் சொன்னாள், நீர்நாய் என்ன தின்றது என்று நீர்நாயிடம் கேட்க வேண்டியதில்லையாம், அதன் எச்சத்தைக் கேட்டால் போதுமாம். பாறைமேல் தினமும் வைத்துவிட்டுப் போகுமாம், அதை எடுத்து, அலசி, காயவைத்து, சலித்தால் எலும்பும் செதிலும் ஓடும் தனியாக வந்துவிடுமாம், எந்த எலும்பு எந்த மீனுடையது என்பதற்குப் படம் தருகிறாளாம். "நாற்பது நாள் சேர்க்கணும். எதையும் எறியக் கூடாது. யாராவது செய்வீங்களா?" என்றாள். பத்தொன்பது பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் எதற்குத் தூக்கினேன் என்று புரிந்தது.

சலிக்கச் சல்லடை வேண்டும் இல்லையா? வீட்டில் இருந்தது ஒன்றுதான், இட்டோ கூஸ்கூஸ் ரவை சலிப்பது. இதை நான் மறைக்கப்போவதில்லை. நான்காம் நாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"என்ன இது?"

"எலும்பு."

"எதுல இருக்கு?"

"சல்லடையில."

"இனிமே அது உங்க நீர்நாய்க்குச் சீதனம். எனக்கு வேற வாங்கிட்டு வாங்க" என்றாள். மறுநாளே வாங்கிக் கொடுத்தேன், பழையதை விடப் பெரியது. அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டும். எச்சம் பொறுக்கப் போனவன் ஒரு வாரத்தில் வேறு ஆளாகிவிட்டேன். விடிந்ததும் போவேன், தூண்டில் எடுக்காமல், பாறைக்கு எதிரே நாணலில் உட்கார்ந்துகொள்வேன். ஒன்பதாம் நாள் அது வந்தது. தண்ணீரிலிருந்து முதலில் மீசைதான் வந்தது மச்சான், எங்கள் பழைய பஸ் டிப்போ மேலாளர் மாதிரி. நண்டு மாதிரி இடுக்கி வைத்த ஒரு ஓட்டு இறாலை இரண்டு கையாலும் பிடித்து, நாம் சோளக்கதிர் கடிப்போமே அப்படி, தலையிலிருந்து மொறுமொறுவென்று கடித்தது. ஏன் தலையிலிருந்து? இடுக்கி கடிக்காமல் இருக்கவா? ஏன் அத்தனை பாறை இருக்க அந்த ஒரே பாறையில் எச்சம் வைக்கிறது? அது நமக்குத் தபால் மாதிரியா, யாருக்கு எழுதுகிறது? பதினெட்டாம் நாள் ஒரு குட்டியைக் கூட்டிவந்தது. உங்களுக்குத் தெரியுமா, நீர்நாய்க் குட்டிக்குத் தண்ணீர் என்றால் பயம்! கரையில் நின்று கத்துகிறது, பின்வாங்குகிறது, புல்லைப் பிடித்துக்கொள்கிறது. தாய் அதன் கழுத்தைக் கவ்வித் தரதரவென்று இழுத்துத் தண்ணீரில் போட்டது. போட்டதும் அது மிதந்தது. தான் மிதப்பதைப் பார்த்து அதுவே திகைத்துப்போனது. நான் படம் எடுக்கப் போனை நீட்டினேன். தாய் என்னை நேராகப் பார்த்து ஒரு சீட்டி அடித்தது. போன் அங்கேதான் விழுந்தது. எனக்கு அப்போது போனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நாற்பது வருடம் இதே கரையில் இருந்து மிதவையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லையே என்பதுதான் கவலை. வீட்டுக்கு வந்து இட்டோவிடம் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், படுக்கும்போது சொன்னேன். அவளும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி தேநீர். எப்படியும் அவள் சொல்லியிருப்பாள், நானும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த நீர்நாய் எச்சம் நாறாது. உங்கள்மேல் ஆணையாக, மல்லிகைப்பூ போட்ட தேயிலை மாதிரி ஒரு வாசம், அடியில் மட்டும் லேசாக மீன். எலும்பு பொறுக்கிய பின் மிஞ்சும் கரும்பொடியை, எறியக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஒட்டகப் படம் போட்ட பழைய தேயிலை டின்னில் போட்டு, மழை ஈரம் படாமல் அடுப்புக்கு மேலே வைத்திருந்தேன். இதில் நான் செய்த தவறு என்ன? டின்னில் பெயர் எழுதாதது. அது மட்டும்தான். முப்பத்துமூன்றாம் நாள் ஹாதா வந்திருந்தாள். உங்களுக்குத் தெரியுமே, மேட்டுத்தெரு ஹாதா, இருபது வருடமாக இட்டோவின் தேநீரில் குறை கண்டுபிடிக்கிறவள், ஒருநாள் புதினா பழசு, ஒருநாள் சர்க்கரை குறைவு. நான் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஹாதாவின் குரல் கேட்டது.

"இட்டோ! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்டி நீ டீ போட்டிருக்க! எங்க வாங்கின இந்தத் தேயிலை?"

"அவரு வாங்கிட்டு வந்தது போல. அடுப்பு மேல இருந்துச்சு."

"இன்னொரு கிளாஸ் ஊத்து."

ஒரு கால் பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஹாதா அங்கேயே உயிரை விடுவாள், இட்டோவின் குரலில் அப்போது இருந்த சந்தோஷமும் போய்விடும். இருபது வருடத்தில் முதல் பாராட்டு மச்சான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஹாதா போன பிறகு டின்னைப் பார்த்தேன், மூன்று விரல் அளவு இறங்கியிருந்தது. இட்டோ தேநீர்ப் பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவள் பஸ் ஏறிவிட்டாள்.

நாற்பது நாள் முடிந்து புதன்கிழமை கூட்டம். இல்ஹாம் என் எலும்புகளையெல்லாம் அட்டையில் வரிசையாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு எச்சம். பெரும்பாலும் ஓட்டு இறால், தவளை, அப்புறம் வாத்துமூக்கு மீன் குஞ்சு. அந்த வாத்துமூக்குதான் ட்ரவுட் குஞ்சுகளைத் தின்கிறதாம், அதை நீர்நாய் தின்கிறதாம். ட்ரவுட் எலும்பு இருந்தது பதினொன்றில். கூட்டம் முணுமுணுத்தது. அப்புறம் அவள் இன்னொரு தாளை எடுத்தாள். நான் மனுவோடு இணைத்த பட்டியல்.

"ஹம்மு சாச்சா எழுதினபடி பார்த்தா, மீன் குறைஞ்சிருந்த போன வசந்தத்துலகூட நாற்பது நாளைக்கு முப்பத்துநாலு ட்ரவுட் பிடிச்சிருக்காரு."

மிம்மூன் எழுந்தான்.

"மனுவைக் கொஞ்சம் மறுபடி படிங்கம்மா."

அவள் படித்தாள். எந்தப் பிராணி அதிகமாகத் தின்று தீர்க்கிறதோ.

"தயவு தாட்சண்யம் இல்லாமன்னு இருக்கா?" என்றான் மிம்மூன். "இருக்கு? அப்ப எழுதினபடி செய்யுங்க. அந்தப் பிராணிய அகத்துங்க. மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கு."

மச்சான், கூரை பறக்கச் சிரித்தார்கள். எழுந்து போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்தபோது அந்தக் குட்டி புல்லைப் பிடித்துக்கொண்டு கத்தியது நினைவு வந்தது. அதனால், "எழுதினவன் நான். என்னை அகத்துங்க. அது இருக்கட்டும்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இல்ஹாம் தன் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்க ஒன்றும் இல்லாதபோதும். முடிவு என்னவென்றால், அடுத்த வசந்தம் வரை ட்ரவுட் பிடிக்க எல்லோருக்குமே தடை, வாத்துமூக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். என்னால்தான் தடை வந்தது என்று பத்தொன்பது பேரும் என்னுடன் பேசுவதில்லை. மிம்மூன் எனக்கு முடி வெட்ட மாட்டேன் என்கிறான். நானே தேநீர் போட்டு நானே குடிக்கிறேன், மிம்மூன் கடை பக்கம் போவதில்லை, கருத்துச் சொல்ல ஆளும் இல்லை, கருத்தும் முன்பு போல் வருவதில்லை. பன்றியைப் பற்றி யாராவது கேட்டால், "பாத்தீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன், அதற்கும் கோபிக்கிறார்கள்.

ஆகவே மச்சான், தேநீர் விஷயத்தில் என்னை மன்னிக்கும்படி உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். ஹாதாவுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது, வயிறும் நன்றாகவே இருக்கிறது, விசாரித்தேன். இட்டோ இல்லாத வீட்டில் நீர்நாயைப் பற்றிச் சொன்னாலும் சுவர்தான் கேட்கிறது. அவளை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவையுங்கள். உங்கள் நிழலில் உங்கள் பிள்ளைகள் செழிக்கட்டும், உங்கள் ஆலிவ் எண்ணெய் கசக்காமல் இருக்கட்டும், உங்கள் முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

பணிவுள்ள,
ஹம்மு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இட்டோ வந்துவிட்டாள். கோபமெல்லாம் இல்லை, கை நிறையப் பலகாரம். "பேரனுக்குப் பேர் வச்சாச்சு, உங்களைத்தான் எல்லாரும் கேட்டாங்க" என்கிறாள். எந்தப் பேரன் என்று கேட்டேன். உங்கள் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்ததாம், பிரசவத்துக்கு உதவ வருகிறேன் என்று என்னிடம் மூன்று தடவை சொன்னாளாம், நான் குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே "சரி சரி" என்றேனாம். மச்சான், ஆயிரம் வாழ்த்துகள், என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேநீரைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது, பாத்திரத்தை அவள் தேய்த்தது கறை போகாததால். இதை நான் தெரிந்துகொள்வதற்குள் அவள் மேசையில் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். முழுக்கப் படித்தாள். தேநீர் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தாள். பலகாரத்தைக் கீழே வைத்தாள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"ரெண்டு கிளாஸ் குடிச்சாளா?" என்றாள்.

"ரெண்டு."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வர்ற வழியில ஹாதாவைப் பாத்தேன். நாளைக்கு டீ குடிக்க வர்றேன்னா. டின்னுல மிச்சம் இருக்கா?"