சம்பாவில் ஒன்று கூடுதல்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் யார் வீட்டுப் பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட தபால்தலை இருந்தாலும், வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்பே அதை மேலச்சு பார்த்திருப்பார். இதில் மிகை கொஞ்சம்தான்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகையும் ஜவுளிக்கடை பில்லும் அடிக்கும் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. ஈய எழுத்துகளை இடம் வலம் மாறிப் படித்துப் பழகிய கண். நேராக அச்சான செய்தித்தாளைக் கொடுத்தால், "கண்ணு கூசுதுபா" என்று திருப்பித் தந்துவிடுவார்.

ஒரு முறை முசரவாக்கத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டப் போகும் நேரத்தில் பெண்ணின் அப்பாவிடம் போய், "ஒரு கொம்பு ஒடஞ்சுக்கினு இருக்குது, பாக்கலியா?" என்றார். பத்திரிகையில் 'செ' எழுத்தின் கொம்பைச் சொன்னார். அந்த மனிதரோ விவசாயி. மாப்பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கத் தொழுவத்துக்கு ஓடினார்.

மேலச்சு என்ற பெயர் தபால்தலையால் வந்தது. அந்தக் காலத்தில் சில சமஸ்தானங்களுக்கென்று தனியாகத் தலை அச்சடிக்காமல், பிரிட்டிஷ் இந்தியத் தலைகளின் மேலேயே சமஸ்தானத்தின் பெயரை ஆங்கிலத்தில் கறுப்பு மையால் அடித்துக் கொடுத்தார்கள். அதைத்தான் அவர் மேலச்சு என்பார். வடக்கே இமயமலைப் பக்கம் சம்பா என்று ஒரு சமஸ்தானம். அதன் பெயரைக் கோத்தவர் ஓரிடத்தில் 'ஏ'யையும் 'எம்'மையும் இடம் மாற்றிவிட்டார். தாளுக்கு ஒரு பிழை. எத்தனை தாள் அச்சானதோ அத்தனை பிழைத் தலைகள். அந்த எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. தப்பாக எழுதிவிடுவேனோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது.

ஐயம்பேட்டையில் ஒரு தலைமையாசிரியர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனார். கால் மணி நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மகனிடம் மெல்ல, "அய்யாவோட ஆல்பம் எங்க இருக்குது?" என்றார். மகனுக்குக் கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. "சொத்துக்கு வந்தியா?" என்று சட்டையைப் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, பாத்துட்டுப் போயிடறேன்" என்று இவர் கெஞ்சியதை நானே பார்த்தேன்.

அப்போது நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எனக்கும் தபால்தலைப் பைத்தியம் உண்டு. மெட்ராசில் ஒரு பழைய புத்தகக்கடையில் வாங்கிய ஆல்பத்தில் அந்தச் சம்பாப் பிழை ஒன்று இருந்தது. மெட்ராசில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எழுதிப் போட்டேன்; எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் பதில் வந்தது. கீழே என் பெயர் அச்சிட்ட அட்டை வைப்பார்களாம். என் பெயர் அதுவரை எங்குமே அச்சானதில்லை.

பெருமை தாங்காமல் நானே மேலச்சுவை அறைக்கு அழைத்துக் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"தம்பி, இது நான் அடிச்சது."

எனக்குப் புரியவில்லை.

"மெட்ராஸ்ல வேல செஞ்சப்போ, எனக்கு இருபத்திரெண்டு வயசு. ஒரு கடக்காரன் பழைய ராணித் தல ஒண்ண குடுத்து, இது மேல அந்த சம்பாப் பிழைய உன்னால அடிக்க முடியுமான்னான். முடியும்னு அடிச்சுட்டேன். ஒரு மசால் தோச வாங்கிக் குடுத்தான். இந்த 'பி'யோட காலப் பாரு, மூளி. அது என் அச்செழுத்து."

"சும்மா இருங்க!"

"இத்தினிதான் அச்சாச்சுன்னு தபால்தலப் புஸ்தகத்துல எழுதி வச்சுக்கினு இருக்கறான். நான் ஒண்ணு சேத்து அவன பொய்யனாக்கிட்டேன். முப்பது வருசமா இதத்தான் தேடிக்கினு இருக்கறேன்."

பொறாமை என்றே நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

கண்காட்சியன்று பஸ்ஸில் ஏறினால், எனக்கு இரண்டு வரிசை பின்னால் அவர். மெட்ராசில் இறங்கி நான் முன்னால் நடக்க, அவர் பின்னால் வந்தார். மண்டபத்தில் நடுவராக வந்திருந்த ஒரு வயதான டாக்டர் என் தலையைப் பார்த்து, "அபாரம், சந்தேகமே இல்லாத அசல்" என்றார். அப்போது மேலச்சு முன்னால் வந்து கைகூப்பினார்.

"அய்யா, அது போலிங்கய்யா. நான்தான் அடிச்சேன்."

"நீங்க யாரு?"

"பிரஸ்ல எழுத்துக் கோக்கறவன்."

டாக்டர் கோபிக்கவில்லை, அதுதான் கொடுமை. தோளில் தட்டி, "நாப்பது வருஷமா இதையேதான் பாத்துண்டிருக்கேன். உங்க ஆசை புரியறது. ஆனா இந்த மாதிரி வேலை எல்லாராலயும் முடியாது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தேன். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"யாரும் நம்ப மாட்டேங்கறாங்க தம்பி. நான் போயிட்டா, இது போலின்னு சொல்றதுக்கு ஆளே இல்ல."

தான் செய்தது குற்றம் என்று நிரூபிக்க முடியாமல் ஒரு மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். பொறாமைக்காரன் அப்படி அழ மாட்டான். உள்ளே போய்த் தலையை வாங்கிக்கொண்டேன். டாக்டர் திகைத்தார். என் பெயர் அட்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.

"இந்தாங்க. கிழிச்சிடுங்க" என்று அவரிடம் நீட்டினேன்.

"ராணித் தல அசல்தானே தம்பி? அத எதுக்குக் கிழிக்கறது?" என்றார்.

மறுநாள் காலை அச்சகத்தில், இருப்பதிலேயே சின்ன எழுத்துகளைப் பொறுக்கி ஒரே ஒரு சொல்லைக் கோத்தார். தலையைக் குப்புறப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஒற்றினார். 'போலி.' கொம்பு, கால் எதிலும் குறையில்லை. மை காயும்வரை ஊதிவிட்டு என் கையில் கொடுத்தார்.

"வச்சுக்க. இப்ப புஸ்தகத்துல இருக்கறது சரி."

அதற்குப் பிறகு யார் வீட்டு ஆல்பத்தையும் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு மட்டும் வருவார். தபால்தலையைப் பற்றிப் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போவார். நாலைந்து வருடம் அப்படிப் போயிற்று.

அவர் இறந்த செய்தி ஆபீசுக்கு வந்தது. விடுப்புத் தாளில் காரணம் என்ற இடத்தில் 'நெருங்கிய உறவினர் மறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் நிமிர்ந்து, என்ன உறவு என்று கேட்டார்.

பெரியப்பா என்றேன்.