என் மனைவி எழுதிய இரண்டாவது பெயர்

பெருமதிப்பிற்குரிய மச்சான் யசுபெய் அவர்களுக்கு, உங்கள் தங்கை சிகேனோவைக் கட்டிக்கொண்டு தவிக்கும் மரச்செருப்புக்காரன் இவகிச்சி தலை தாழ்த்தி எழுதுவது. இங்கே செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. உங்கள் மூட்டுவலியும் அப்படியே உதிர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்குப் பொறாமை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்து முதல் தேர்தல், பெண்களுக்கும் ஓட்டு என்றார்கள், சரி. ஆளுக்கு இரண்டு பேரை எழுதலாம் என்றார்கள், அதுவும் சரி. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று எவன் பேரையோ எழுதி மடித்துப் பெட்டியில் போடுவாளாம், யார் என்று புருஷன் கேட்கக்கூடாதாம், அதற்குப் பென்சிலும் சர்க்காரே கொடுக்குமாம்! ஒரு பேர் எனக்குத் தெரியும், ஓத்சுகி டீச்சரம்மா. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்த அம்மாள் பக்கம்தான். இரண்டாவது யார்? பல் டாக்டர் குவாபாரா என்று என் வயிறு சொல்கிறது. ஓட்டுக் கேட்டு வந்த மனுஷன் எனக்கு ஒரு தடவை குனிந்து வணங்கினார், இவளுக்கு மூன்று தடவை. நான் எண்ணினேன். "நீங்க பல்லப் புடுங்குனது எனக்குத் தெரியவே இல்ல டாக்டர்" என்று இவள் குழைகிறாள். எனக்குப் பிடுங்கியபோது நான் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டது.

அன்றிலிருந்து கணப்புச் சாம்பலில் விரலால் எழுதிப் பழகினாள். நான் இருமினால் அழித்துவிடுவாள். நானோ இரண்டாம் வகுப்புவரை படித்தவன், அழிக்காவிட்டாலும் பேர்களின் சீன எழுத்தில் பாதிதான் புரியும். யுத்தப் பஞ்சத்தில் அரிசிக்கு மாற்றாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே ஊதாக் கிமோனோவை ஓட்டுப்போட உடுத்திக்கொண்டாள்.

"யாருக்கு இந்த அலங்காரம்?"

"ஜனநாயகத்துக்கு."

"அவரு எந்தத் தெருவுல இருக்காரு?"

கதவைத் திறந்து முன்னால் நடந்தாள். ஓட்டுச்சாவடியில் எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் எழுதினாள், பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றாள். ஒரு ஆணை நினைக்கிறவள் வேறு எப்படி நிற்பாள், மச்சான்? "ஐயா, உங்க சீட்டப் பாருங்க!" என்று அதிகாரி அதட்ட, பதறிய என் கை தனக்குப் பழகிய ஒரே பேரை எழுதிவிட்டது. என் பேரை! செல்லாத ஓட்டுதான். இருந்தாலும் ஒரு ஓட்டு.

முடிவு வந்தது. டீச்சரம்மா ஜெயித்தார், அந்தப் பல்பிடுங்கியும் ஜெயித்தார். ரேடியோவைக் கேட்டதும் இவள், விசேஷ நாளுக்கென்று எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சிவப்புப் பயறை எடுத்துப் போட்டுச் சோறு ஆக்கினாள். புத்தாண்டுக்குக்கூட எனக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான்.

"இது யாரு ஜெயிச்சதுக்கு?"

"ஆறிடும், சாப்பிடுங்க."

மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று டாக்டர் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் இறங்கியது. நீங்கள் அண்ணன், கேட்டால் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, டாக்டர் பேரை எழுதவில்லை என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக் கொடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் கூரை ஒழுகாமல், கோழி மறக்காமல் முட்டையிட, எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இவகிச்சி

பி.கு.: உறையை ஒட்டுமுன் இவள் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சரம்மா பேரு மட்டுந்தாங்க எழுதினேன். ரெண்டாவது எடத்தக் காலியா விட்டுட்டேன். எழுதற மாதிரி ஒரு ஆம்பளகூட ஞாபகத்துக்கு வரல" என்கிறாள். மச்சான், இப்போதுதான் நிஜமாக வயிறு எரிகிறது. அவசியம் வாருங்கள். அந்த டாக்டரையாவது எழுதியிருக்கக்கூடாதா என்று கேளுங்கள்.