பாரமில்லாத ரிவால்வர்

லா சப்பல் கோவில் பிள்ளையார்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. எல்லாம் தவரத்தினத்துக்குப் பக்கத்தில் நின்று என் கண்ணால் கண்டவை, என் காதால் கேட்டவை.

தவரத்தினம் ரிவால்வரை மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம் அவருடைய காற்சட்டை.

புலம்பெயர்ந்து வந்த எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் ஸ்தேன் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைக்கும். ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் வெடி தவரத்தினத்துடையது. குண்டு போகாது, சத்தமும் புகையும்தான். ஆனால் அந்தப் பழைய ரிவால்வர் முழு இரும்பு. இடுப்பில் செருகினால் காற்சட்டை முழங்காலை நோக்கிப் புறப்பட்டுவிடும். போன வருடம் இறுதி ஓட்டத்தை வலக்கையில் ரிவால்வரும் இடக்கையில் காற்சட்டையுமாகத்தான் தொடக்கிவைத்தார். அன்று ஓட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

சங்கச் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார். இந்த வருடம் தவரத்தினத்தின் வாசலில் நின்று கத்தினார்:

"தவம், இன்னொருக்கா உந்தத் துவக்காலை மானம் போச்சுதெண்டால் நான் விசில் ஊதித் தொடக்குவன்! உமக்குக் குளிர்பானக் கடை!"

தவரத்தினம் ஆயுள் முழுக்க உணவகத்தில் சட்டி கழுவியவர். வருடத்தில் ஒருநாள் அவர் கையைத் தூக்கினால் ஒரு மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை விட்டுவிட்டுக் கோலா விற்க முடியுமா?

இருவரும் துவக்குக் கடைக்குப் போனோம். எலோடி என்ற விற்பனைப் பெண் சில ரிவால்வர்களை மேசையில் பரப்பினாள். நாங்கள் பேசத் தொடங்கியதும் மற்ற வாடிக்கையாளர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். தவரத்தினம் முருங்கைக்காய் வாங்குவதுபோல ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்த்தார்.

"மச்சான், இது இரும்பில்லை. பால்மா டின்."

"பாரம் எப்படி?"

"பாரமே இல்லை. அதுதான் சந்தேகமாக் கிடக்கு. திருகாணியைப் பார், ஒண்டு கிழக்கை, ஒண்டு மேற்கை."

"பிடி?"

"பிளாஸ்டிக்! முந்தி பிடிக்கு மரம் போடுவாங்கள். இப்ப மரத்தை விளம்பரப் படத்திலை மட்டும் போடுறாங்கள்."

எலோடி இடுப்பைக் காட்டி விரலை ஆட்டினாள். பிறகு பெட்டியைத் தட்டிக் காட்டினாள். தெருவில் இடுப்பில் செருகாதே, பெட்டிக்குள் கொண்டுபோ என்று அர்த்தம். ஓம் என்று தலையாட்டிவிட்டு, இருந்ததிலேயே இலேசானதை வாங்கினோம்.

தவரத்தினம் வீட்டுக் குசினியில் ஒத்திகை. யன்னலுக்கு வெளியே நீட்டி விசையை இழுத்தார். புகை வந்தது. சத்தம் வரவில்லை.

அவருடைய மனைவி கோசலை அதிகம் வாய் திறக்காதவள்; எதையும் கையால் காட்டுவாள். புகையைக் கண்ட பயத்தில் பொரித்துக்கொண்டிருந்த தாச்சியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் என்னென்னவோ காட்டினாள்.

"பாத்தியே மச்சான், அவளுக்கே விளங்குது, சாமான் கூடாதெண்டு!"

திருகாணிகளை இறுக்கினார். விசை அசைய மறுத்தது. எண்ணெய் விட்டார். தொடமுதலே பாய்ந்தது. அப்போதும் புகைதான். கீழ்வீட்டு மாக்சிம் மேலேறி வந்து கையையும் காலையும் ஆட்டினார்; புகை மணம் பிடிக்கவில்லை போலும்.

"இதுக்குப் பலமான வெடி போடவேணும்," என்றார் தவரத்தினம். போட்டோம். புகைதான் கூடியது.

போட்டி நாள் வந்தது. சிறுமிகள் கோட்டில் குனிந்து நின்றார்கள். தவரத்தினம் இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவிக் கையைத் தூக்கினார். காற்சட்டை அசையவில்லை; அந்தளவில் வெற்றி. விசையை இழுத்தார். புகை. சத்தம் இல்லை. பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள்!

"கள்ள ஓட்டம்! திரும்பி வாங்கோ!"

மறுபடி இழுத்தார். மறுபடி புகை, மறுபடி ஓட்டம், மறுபடி திரும்பல். இப்படியே போய்ப் பாதிப் பிள்ளைகள் புல்லில் படுத்துவிட்டார்கள். பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். ஒரு தாய் தண்ணீர்ப் போத்தலை எங்களை நோக்கி ஓங்கினாள்.

"புகையைப் பாத்து ஓடுதுகள் மச்சான்! விளைஞ்ச கள்ளப் பிள்ளையள்!"

"பழசை எடு," என்றேன். அதைப் பையில் நான்தான் சுமந்து வந்திருந்தேன்.

தவரத்தினம் வழக்கப்படி அதை முதலில் இடுப்பில் செருகினார். காற்சட்டை புறப்பட்டது. பொருட்படுத்தாமல் உருவி வெடி வைத்தார். புகை மட்டும். நல்ல இரும்புக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது!

ஸ்ரீஸ்கந்தராசா ஓடிவந்து, தவரத்தினத்தின் மூக்குக்கு நேரே கன்னம் வெடிக்க விசில் ஊதினார். அதிலும் சத்தம் இல்லை.

ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி தவரத்தினம் துள்ளினார். "கண்டியே! விசிலையும் இப்ப ஒழுங்காச் செய்யிறாங்களில்லை! இனி என்னை ஆர் மாத்துறது?"

நான் கையை உயர்த்திச் சாட்சி சொன்னேன்: "பிள்ளையார்மேல் ஆணை, எனக்கும் ஒண்டும் கேக்கேல்லை!"

அப்போதுதான், எங்களோடு மைதானத்துக்கு வந்திருந்த கோசலை கைகாட்டுவதை நிறுத்திவிட்டு, என் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்:

"அண்ணை, உங்கள் ரெண்டு பேற்றை காது மெசினும் தைப்பொங்கலிலை இருந்து பெட்டி உடைக்காமல் எங்கட அலுமாரிக்குள்ளை கிடக்கு!"