எழுபத்தொரு பங்கு விமானம்

போர் விமானம் விற்பது என் தொழில். உடனே போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். என் விமானங்கள் முழங்கை நீளத்தைத் தாண்டாதவை. உலோகத்தில் வார்த்து, பெயின்ட் அடித்து, அட்டைப் பெட்டியில் வருபவை. வாங்குகிறவர்கள் படித்த, உத்தியோகம் பார்க்கிற, வழுக்கை விழுந்த ஆண்கள். பழைய போரில் குண்டு போட்ட விமானத்தின் மாடல் என்றால் உயிரை விடுவார்கள். ஆனால் பெட்டியைப் பிரிக்க மட்டும் மாட்டார்கள். பிரித்தால் மதிப்பு போய்விடுமாம். அலமாரியில் வைத்து, அட்டையில் அச்சடித்த படத்தைப் பார்த்தே பரவசமடைவார்கள். எனக்கென்ன? பிளாட்பாரத்தில் கூவி விற்றுத் தொழில் கற்றவன் நான். வாங்குகிறவனின் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலையில்லை.

அப்படித்தான் ஒரு பல் டாக்டர், எங்கும் கிடைக்காத ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கேட்டார். "அண்ணே, ஸீல் மட்டும் பிரிஞ்சிருந்தா வந்த வழியே எடுத்துட்டுப் போயிடணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். கைக்காசைப் போட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பெட்டி சுங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நானும் போய் அதன் எதிரே உட்கார்ந்தேன்.

அதிகாரி பெட்டியை நிதானமாகப் படித்தார். "குண்டுவீச்சு விமானம். ஒன்றின் கீழ் எழுபத்திரண்டு. அதாவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு." கண்ணாடியைக் கழற்றினார். "மிச்சம் எழுபத்தொரு பங்கு எங்கே?"

"சார், அது அளவு. நிஜ விமானத்தை எழுபத்திரண்டால வகுத்தா வர்ற சைஸ்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? முழு விமானத்தை எழுபத்திரண்டா வகுத்திருக்கீங்க. ஒரு பங்கு என் மேசை மேல இருக்கு. மீதியை எந்தெந்த வழியா இறக்குறீங்க?"

"யோவ், இது பொம்மைய்யா!"

"யோவ்" என்ற சொல் கோப்பில் ஏறியது. சூப்பிரண்டு அம்மாள் வரவழைக்கப்பட்டார். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"'சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல'ன்னு போட்டிருக்கே. குழந்தை தொடக் கூடாதது எப்படிப் பொம்மையாகும்?"

"ஆயுதம்தான் மேடம்" என்றார் அதிகாரி.

"எதுக்கு வளவளன்னு பேசிக்கிட்டு? பிரிச்சுப் பாத்துட்டாப் போச்சு."

அதிகாரி கத்தியை எடுத்தார். நான் பெட்டியை இரண்டு கையாலும் மறைத்தேன். "ஐயோ, பிரிக்காதீங்க!"

"ஏன், வெடிக்குமா?"

"மதிப்பு போயிடும்!"

"உள்ள இருக்கிறதைப் பாக்காமலே எவன் வாங்குவான்?"

"பல் டாக்டர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை. அதிகாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். நாட்டின் நலன் கருதி அந்தப் பெட்டியைத் தம் கையால் பிரிப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

"மீதி எழுபத்தொரு பங்கையும் ஒப்படைக்கிறேன்னு எழுதிக் குடுங்க. இதை இப்படியே விட்டுடறோம்."

இங்கேதான் என் குணம் என்னைக் கவிழ்த்தது. எவன் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைக் குறைக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"எழுபத்தொண்ணா? பகல் கொள்ளையா இருக்கே! அஞ்சுன்னு போடுங்க."

"அஞ்சா? அறுபதுக்குக் கீழ கட்டுப்படியாகாது."

"முதல் தடவை வந்திருக்கேன் சார். பாத்துச் செய்யுங்க. எட்டு."

"நாப்பது. மேடம் கையெழுத்துப் போடணும்ல?"

நான் எழுந்து விறுவிறுவென்று வாசல்வரை நடந்தேன். கூப்பிடுவார் என்று தெரியும். கூப்பிட்டார். பன்னிரண்டுக்குப் படிந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: என்னிடம் இல்லாத விமானத்தில் பன்னிரண்டு பங்கை ஒப்படைப்பதாக நானே பேரம் பேசி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்!

பெட்டி கைக்கு வந்தது. ஸீல் பத்திரம். ஆனால் அதன் மேல் சிவப்பு அரக்கு. 'கைப்பற்றி விடுவிக்கப்பட்ட போர் விமானம்' என்று உள்ளங்கை அகல முத்திரை. என் பணம் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் பல் டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் கண் கலங்கியது. "அண்ணே... அரசாங்கமே இதைப் போர் விமானம்னு ஒத்துக்கிட்டிருக்கே! உலகத்துல வேற எவன்கிட்ட இருக்கு?"

சேதி பரவியது. முத்திரை இல்லாத பெட்டியை ஒருவரும் சீந்தவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். எழுதிக் கொடுத்த பாக்கியும் தீரும், முத்திரையும் விழும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டு பெட்டிகளை வரவழைத்து, நானே சுமந்துகொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

"சார், பன்னிரண்டும் இருக்கு. தயவுசெஞ்சு கைப்பற்றிட்டு விட்டுடுங்க."

"கைப்பற்றியாச்சு. விடறதுக்கு விதி இல்லையே? நீங்க எழுதிக் குடுத்தது ஒப்படைக்கிறேன்னுதானே?"

நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பெட்டிகள் உள்ளே போய்விட்டன.

மறுநாள் பேப்பரில் செய்தி: 'பன்னிரண்டு குண்டுவீச்சு விமானங்கள் பறிமுதல்.' பங்கு என்ற சொல் அச்சில் விட்டுப்போயிற்று. அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பறிமுதலான விமானங்களை வெயிலில் நிறுத்தக் கூடாது என்பதால் கொட்டகை கட்ட உத்தரவாயிற்று. கொட்டகை எழும்பிய பின் விமானிகள் தேவை என்று விளம்பரம் வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு என் மனைவியின் தம்பி ஓடி வந்தான். "அத்தான், உங்களுக்கு அந்த அதிகாரியைத் தெரியுமாமே? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அறிவிருக்காடா? அது என் கடைச் சரக்குடா! உனக்குச் சைக்கிளே நேரா ஓட்டத் தெரியாது!"

"ஓட்ட வேண்டியதே இல்லை அத்தான். பெட்டியைப் பிரிக்கவே கூடாதுங்கிறது விதி. பக்கத்துல உக்காந்திருந்தாப் போதுமாம்."

"ஊரான் வரிப்பணத்துல பொம்மைக்கு விமானி! கேக்க ஆளே இல்லையா இந்த நாட்டுல?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"பென்ஷன் உண்டாடா?"